குமரி மாவட்டத்திலிருந்து கிராண்ட் கேன்யன்: முதல்முறை போகிறவர்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகள் இப்போது அநேகம். பெற்றோர் அங்கே போனால், விடுமுறை நாளில் பிள்ளைகள் காரில் ஏற்றி அழைத்துப்போகும் இடங்களில் கிராண்ட் கேன்யன் தவறாமல் இருக்கும். நானும் மனைவியும் மகள் வீட்டிலிருந்து அப்படித்தான் போனோம். பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்பது சுலபம். அதற்கு முன்னால் இருக்கும் காகிதமும் கட்டணமும், அப்புறம் உள்ளே இறங்கி நடக்கும் ஆசையும்தான் ஆளைச் சாய்த்துவிடும். நாங்கள் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தப் பக்கம் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கொலராடோ ஆறு அரிசோனா மாநிலத்தில் வெட்டிய பள்ளம் இது. நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் 1.6 கிலோமீட்டருக்கு மேல், அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய ஒன்றுக்கு வாசல் ஒன்றே ஒன்று இருக்காது அல்லவா?

படங்களில் பார்க்கும் கிராண்ட் கேன்யன் பெரும்பாலும் சவுத் ரிம் என்னும் தெற்கு விளிம்பு. வருடம் முழுக்கத் திறந்திருக்கும். பேருந்து, அறை, கடை, கழிப்பறை எல்லாம் அங்கேதான். முதல்முறை போகிறவர்களுக்கு அது போதும். வடக்கு விளிம்பு எதிரே கண்ணுக்குத் தெரியும். ஆனால் சாலை வழியாகச் சுற்றிப் போக ஐந்து மணி நேரம் ஆகும். பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள். அங்கிருந்த பழைய லாட்ஜும் 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோனது. இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

ஏமாறும் இடம் மூன்றாவது. கண்ணாடித் தரையில் நடக்கிற ஸ்கைவாக் இருப்பது கிராண்ட் கேன்யன் வெஸ்ட் என்ற இடத்தில். அது தேசியப் பூங்காவே அல்ல, ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். டிக்கெட் தனி, பூங்கா பாஸ் அங்கே செல்லாது. லாஸ் வேகாஸில் "கிராண்ட் கேன்யன் ஒரு நாள் சுற்றுலா" என்று விற்பதில் பல இந்த வெஸ்டுக்குத்தான் போகும். பணம் கட்டும் முன் "சவுத் ரிம்மா, வெஸ்டா?" என்று கேளுங்கள். வெஸ்ட் மோசமான இடம் என்று சொல்லவில்லை. ஆனால் பார்க்க நினைத்தது வேறு, பார்த்தது வேறு என்று ஆகிவிடக் கூடாது.

2. மாதத்தைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்

பாலைவனம் என்றதும் பருத்திச் சட்டை போதும் என்று நம் ஆட்கள் நினைப்பார்கள். தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம். டிசம்பர், ஜனவரியில் பனி கொட்டும், பாதையில் உறைபனி வழுக்கும். கோடையிலோ ஒரே நாளில் இரண்டு ஊர் வெயில்: ஜூலையில் விளிம்பில் 29 டிகிரி என்றால் அடியில் 41 டிகிரி. ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மதியத்துக்கு மேல் இடியும் மின்னலுமாக இருக்கும்.

ஏப்ரல், மே, இல்லையென்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. என்னைக் கேட்டால் அக்டோபர். நம் ஊரில் வடகிழக்கு மழை தொடங்கும் நேரத்தில் கிளம்பிப் போய்விடலாம்.

3. விசாவும், அதைவிட முக்கியமாக உங்கள் பெயரும்

சுற்றிப்பார்க்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் பி1/பி2 விசா. விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. டிஎஸ்-160 படிவத்தை இணையத்தில் நிரப்பி, கட்டணம் கட்டி, இரண்டு நேரம் வாங்க வேண்டும்: ஒன்று கைரேகைக்கும் புகைப்படத்துக்கும், இன்னொன்று துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு. இரண்டுமே சென்னையில். அடுத்தடுத்த நாளில் வரும்படி பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் நாகர்கோவிலிலிருந்து இரண்டு தடவை ராத்திரி ரயில் ஏற வேண்டியிருக்கும். நேர்காணலுக்குக் காத்திருப்பு சில சமயம் மாதக்கணக்கில் போகும். ஆகவே விமான டிக்கெட்டை விசா கைக்கு வந்த பிறகுதான் போட வேண்டும். வயதானவர்களுக்கு நேர்காணல் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகையை 2025 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். நேர்காணலைத் தமிழிலேயே கொடுக்கலாம். செல்போனை உள்ளே விடமாட்டார்கள்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பழைய பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். டிஎஸ்-160 அப்படி விட அனுமதிக்காது. உங்கள் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, மற்றக் கட்டத்தில் எஃப்என்யூ (FNU, அதாவது முதற்பெயர் தெரியாது) என்று எழுத வேண்டும். விசாவிலும் அப்படியே அச்சாகி வரும். பிறகு விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, காப்பீட்டில் இன்னொரு மாதிரி என்று ஆகி, ஒவ்வொரு கவுன்டரிலும் நின்று விளக்க வேண்டியிருக்கும். துபாயில் இரண்டு நாள் இறங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணமும் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்குச் சிக்கலாகலாம். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அமீரகம் அறிவித்தது; பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது.

நேரம் இருந்தால் விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். எங்களுக்கு உதவிய ஒரு ஏஜென்ட் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்றார். ஆனது.

4. விமானம், பெட்டி, மாத்திரை

நமக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான். துபாய் அல்லது தோஹா வழியாக லாஸ் ஏஞ்சலஸ் போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் பீனிக்ஸ் அல்லது லாஸ் வேகாஸ். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை நீங்களே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். குடிநுழைவு வரிசையும் நீளம். இணைப்பு விமானத்துக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பெட்டியில் பழம், விதை, செடி, இறைச்சி ஊறுகாய் வேண்டாம். ஏத்தங்காய் சிப்ஸ் தாராளமாகக் கொண்டுபோகலாம். மலை இறங்கும்போது அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். என்ன உணவு வைத்திருக்கிறோம் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொன்ன பொருளை எடுத்துப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்; மறைத்தால் அபராதம்.

சுகர், பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோய் திடீரென்று மோசமானால் செலவு கிடைக்குமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பள்ளத்தாக்குக்குள் நடக்க முடியாமல் விழுந்தால் தூக்கிவர ஹெலிகாப்டர்தான் வரும்.

5. கார்

பிள்ளைகள் ஓட்டினால் கவலை இல்லை. பீனிக்ஸிலிருந்து தெற்கு விளிம்பு சுமார் 370 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். லாஸ் வேகாஸிலிருந்து 450 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். நீங்களே வாடகைக் கார் எடுப்பதானால் நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். விசா காட்ட வேண்டும் என்ற விதியை 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஊர் உரிமத்தையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். கார் எடுப்பவர் பெயரில் கிரெடிட் கார்டு இருப்பது நல்லது. வண்டி வலப்பக்கம் ஓடும். அந்தி நேரத்தில் எல்க் என்னும் பெரிய மான்கள் சாலையைக் கடக்கும். மோதினால் காருக்கும் சேதம், ஆளுக்கும் சேதம்.

6. நுழைவுக் கட்டணம்: பழைய கணக்கை நம்பாதீர்கள்

முன்பு ஒரு காருக்கு 35 டாலர் கட்டினால் உள்ளே இருக்கும் எல்லோரும் ஏழு நாள் போய்வரலாம். இப்போதும் அந்த 35 டாலர் உண்டு. ஆனால் 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்கள் 16 வயது ஆகியிருந்தால் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். இந்த விதி கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் கேன்யன், யோசெமிட்டி உட்பட 11 பூங்காக்களுக்கு. கணவன் மனைவி இருவர் என்றால் 200 டாலரும் காருக்கு 35 டாலரும் சேர்த்து 235 ஆகிவிடும்.

வெளிநாட்டவருக்கான வருடாந்திர பாஸ் 250 டாலர். அது இருந்தால் தலைக்கு 100 டாலர் கிடையாது. இரண்டாவதாக ஒரு பூங்கா பார்க்கும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பாஸை வாங்கிவிடுங்கள். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்கூட்டியே வாங்கலாம். பிள்ளைகள் வைத்திருக்கும் 80 டாலர் பாஸ் அங்கே வசிப்பவர்களுக்கானது; உங்கள் பெயரில் கிடைக்காது. வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள் என்பதால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். விதி புதியது, பிள்ளைகளோடு ஒரே காரில் போனால் யாருக்கு எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

7. அறை

பூங்காவுக்குள் இருக்கும் லாட்ஜ்களுக்கு 13 மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடும். கிடைக்கவில்லை என்றால் வாசலுக்கு வெளியே டுசாயன். அங்கே வாடகை அதிகம். வில்லியம்ஸ், ஃபிளாக்ஸ்டாஃப் ஊர்களில் குறைவு, ஆனால் ஒன்று, ஒன்றரை மணி நேர ஓட்டம். விடியற்காலை நடக்கப் போகிறீர்கள் என்றால் டுசாயனுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. பூங்காவின் தண்ணீர்க் குழாய் மிகவும் பழையது, அடிக்கடி உடையும். பெரிதாக உடைந்தால் உள்ளே தங்கவே விடமாட்டார்கள். ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள்.

8. முதல் நாள் விளிம்பிலேயே இருங்கள்

மேட்டுக்காற்று பழக ஒரு நாள் வேண்டும். இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று பயப்பட வேண்டாம், அது உயரத்தின் வேலை.

காரை நிறுத்திவிட்டு உள்ளே ஓடும் இலவசப் பேருந்தில் ஏறுங்கள். மேற்கே போகும் ஹெர்மிட் சாலையில் மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. பேருந்துதான், நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கி ஏறிக்கொள்ளலாம். சூரிய அஸ்தமனத்துக்கு ஹோப்பி பாயின்ட். ஆனால் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். சூரியன் மறைந்ததும் பேருந்துக்கு நிற்கும் கூட்டம் விவேகானந்தர் பாறைப் படகு வரிசையை ஞாபகப்படுத்தும். கடைசி வண்டியின் நேரத்தை முதலிலேயே பார்த்துவைத்து, டார்ச்சும் ஒரு கம்பளிச் சட்டையும் எடுத்துப்போங்கள். கிழக்கே டெசர்ட் வியூ வரை 40 கிலோமீட்டர் சாலையில் சொந்தக் கார் போகலாம். 1932-இல் கட்டிய காவற்கோபுரத்தின் அருகிலிருந்து கீழே ஆறு நன்றாகத் தெரியும்.

முட்டிவலிக்காரர்களுக்கு ஏற்றது யாவபாய் அருங்காட்சியகத்திலிருந்து லாட்ஜ்கள் இருக்கும் கிராண்ட் கேன்யன் வில்லேஜ் பக்கம் வரும் சமதளப் பாதை. தரையில் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 லட்சம் ஆண்டு என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் பாறைத் துண்டுகள், தொட்டுப் பார்க்கலாம். அடியில் இருக்கும் கரும்பாறைக்கு விஷ்ணு பாறை என்று பெயர், வயது சுமார் 170 கோடி ஆண்டு. எதிரே நிற்கும் குன்றுகளுக்கும் விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெறும் பாறைதான், நடை எப்போது திறக்கும் என்று கேட்டுவிடாதீர்கள்.

பல இடங்களில் கைப்பிடிக் கம்பி கிடையாது. விளிம்பிலிருந்து ஆறடி தள்ளி நில்லுங்கள். செல்ஃபி எடுத்தபடி பின்னால் நகர்ந்து விழுந்தவர்கள் உண்டு. அணிலுக்குத் தீனி போடாதீர்கள். கடிக்கும், அபராதமும் உண்டு.

9. உள்ளே இறங்கி நடப்பது

இந்த ஒன்றை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

மருந்துவாழ்மலை ஏறுகிறவர் பாதி வழியில் மூச்சு முட்டினால் அங்கேயே திரும்பிவிடலாம்; மிச்சம் இறக்கம்தான். இங்கே தலைகீழ். முதலில் இறக்கம், உடம்பு குளிர்ச்சியாக, கால் லேசாக, பேச்சும் சிரிப்புமாகப் போகும். களைப்பு தெரியும்போது நீங்கள் ஏற்கெனவே கீழே இருப்பீர்கள். மிச்சம் முழுக்க ஏற்றம், வெயிலும் உச்சிக்கு வந்திருக்கும். இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற இரண்டு மணி நேரம். எனவே "களைப்பானால் திரும்பலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. இறங்கும் முன்பே கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்துவிட்டு இறங்குங்கள். அந்த நேரம் வந்ததும், அடுத்த வளைவு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும்.

ஒரே நாளில் போய்த் திரும்பும் நடைக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. உள்ளே இரவு தங்கத்தான் தனி அனுமதி வேண்டும்.

முக்கியமான பாதை இரண்டு. பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைலில் ஓர் ஓய்வுக் குடில் இருக்கிறது. போய்வர 4.8 கிலோமீட்டர், இரண்டு முதல் நாலு மணி நேரம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவே நிறைவான நடை. மூன்று மைல் குடில் வரை போய்வர 9.6 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் வரை ஆகும். ஹவசுபாய் கார்டன்ஸ் வரை என்றால் 14.5 கிலோமீட்டர், அது தினமும் நடக்கும் இளைஞர்களுக்கு. வழியில் தண்ணீர்க் குழாய் உண்டு, ஆனால் குளிர் மாதங்களில் மூடிவிடுவார்கள், உடைப்பு இருந்தாலும் வராது. வருகிறதா என்று காலையில் தகவல் மையத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இன்னொன்று சவுத் கைபாப். காட்சி இதில்தான் பிரமாதம். ஊ ஆ பாயின்ட் வரை போய்வர 2.9 கிலோமீட்டர், சீடர் ரிட்ஜ் வரை 4.8. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் அரிது. தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் கார் போகாது, பேருந்துதான். விடியற்காலையில் நடைக்காரர்களுக்கென்று தனிப் பேருந்து விடுகிறார்கள்.

ஆற்றைத் தொட்டுவிட்டு அன்றைக்கே திரும்பலாம் என்று துணிகிறவர்கள் இருக்கிறார்கள். பூங்காக்காரர்களே வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை உள்ளே நடக்க வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும்.

அப்புறம் தண்ணீர். நம் ஊரில் நடந்தால் சட்டை நனைந்து ஒட்டும், வேர்க்கிறது என்று தெரியும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வேர்வை வந்ததும் காய்ந்துவிடும். உடம்பில் தண்ணீர் குறைவது தெரியவே தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடியுங்கள். ஆனால் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு இறங்கி, தலைசுற்றி, வாந்தி வரும், அதுவும் ஆபத்து. உப்புள்ள தின்பண்டம் சேர்ந்தே போக வேண்டும். ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டுபோகச் சொன்னது இதற்குத்தான். நம் மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் சிலவும் போட்டுக்கொள்ளுங்கள். துவர்த்து ஒன்றை நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டால் நல்ல சுகம். சுகர், பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ வேண்டும். அதைப் புதிதாக அங்கே போய் வாங்காமல் இங்கேயே வாங்கி, சில வாரம் விடியற்காலையில் மருந்துவாழ்மலை ஏறி இறங்கிப் பழக்குங்கள். இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடிக்கும். அரை அளவு பெரிதாக எடுங்கள், நகத்தையும் வெட்டிவிடுங்கள். எதிரே கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தால் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைப் பக்கம் ஒதுங்கி, அவை போகும் வரை அசையாமல் நில்லுங்கள்.

10. கூடவே பேஜ் ஊரும் என்றால்

தெற்கு விளிம்பிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் பேஜ். அங்கே ஆன்டிலோப் கேன்யன் என்னும் குறுகிய பாறைச் சந்து, ஆறு குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட். ஆன்டிலோப் நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் இருப்பதால் பூங்கா பாஸ் செல்லாது. வழிகாட்டியோடுதான் போக முடியும், நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே எங்கோ பெய்த மழை அந்தக் குறுகிய சந்துக்குள் வெள்ளமாக இறங்கும். 1997 ஆகஸ்டில் அப்படி 11 பேர் இறந்தார்கள். அதனால் மழை அபாயம் என்று சுற்றுலாவை நிறுத்தினால் சண்டை போடாதீர்கள்.

கடைசிக் கண்ணி கடிகாரம். அரிசோனா கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றாது. அதற்குள்ளேயே இருக்கும் நவாஹோ நிலம் மாற்றும். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். பேஜ் பக்கம் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டி, தானாகவே முன்னும் பின்னும் குதிக்கும். ஆன்டிலோப் சுற்றுலாக்காரர்கள் பேஜ் நேரத்தில், அதாவது அரிசோனா நேரத்தில் நடத்துகிறார்கள். போனில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு பீனிக்ஸ் நேரம் என்று வைத்துவிடுங்கள். ஹார்ஸ்ஷூ பெண்டில் பார்க்கிங் 10 டாலர், அதற்கும் பாஸ் செல்லாது.